வெளிநாட்டில் காலூன்றும் முதல் 18 மாதங்கள்

புது நாட்டில் போய் இறங்கியதும் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். தெருப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பதுகூடச் சுவாரசியமாக இருக்கும். நான்கைந்து மாதம் கழித்து அதே தெரு அலுத்துப்போகும். கடையில் இருப்பவர் ஒரு கேள்வியை இரண்டாவது முறை கேட்டாலே கண் கலங்கிவிடும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, இது பலருக்கும் வருவதுதான்.

நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வேரே லிஸ்கார்ட், அமெரிக்காவில் தங்கித் திரும்பிய 200 நார்வேக்காரர்களிடம் விசாரித்து 1955-ல் ஒரு கட்டுரை எழுதினார். 6 மாதத்துக்குள் திரும்பியவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறியிருந்தார்கள். 1960-ல் மானிடவியலாளர் கலேர்வோ ஓபெர்க் இதையே தேனிலவு, நெருக்கடி, மீட்சி, ஒட்டுதல் என்று நான்கு கட்டங்களாகச் சொன்னார். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தவில்லை. சிலருக்கு இறங்கிய முதல் வாரமே மோசமாக இருக்கும். எப்போது வந்தாலும், தொய்வு வந்த பிறகு ஒரு விண்ணப்பம் நிரப்பக்கூட மனம் வராது. ஆகவே உற்சாகம் இருக்கும் முதல் ஆறு வாரத்தை ஊர் சுற்றிப் பார்ப்பதிலேயே செலவழிக்காமல், தொய்வு நாட்களில் செய்ய முடியாத வேலைகளை அப்போதே முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

கிளம்பும் முன்: காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டங்களும் மதிப்பெண் பட்டியல்களும், தடுப்பூசி அட்டை, ஓட்டுநர் உரிமம், பழைய வேலைகளின் அனுபவச் சான்று. இவற்றின் அசலைக் கையோடு கொண்டுபோங்கள். சரக்கில் போடும் பெட்டியில் வைக்க வேண்டாம். ஒவ்வொன்றின் ஸ்கேனும் இரண்டு இடத்தில் இருக்கட்டும்: ஒன்று இணையச் சேமிப்பில், இன்னொன்று ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம்.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். லேமினேட் செய்ததன் மேல் முத்திரை குத்த முடியாது என்று பல அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே செய்திருந்தால் புதுப் பிரதி ஒன்றுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

வெளிநாட்டு அலுவலகம் உங்கள் சான்றிதழை ஏற்க வேண்டுமானால், அதில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும். 1961-ம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் இருந்தால் அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும். இல்லையென்றால் சொந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம், பிறகு போகும் நாட்டின் தூதரகம் என்று படிப்படியாக அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும். பலர் சிக்கிக்கொள்வது எங்கே என்றால், சான்றிதழ் எந்த நாட்டில் கொடுக்கப்பட்டதோ அந்த நாட்டில்தான் அப்போஸ்டில் கிடைக்கும். அங்கே போன பிறகு, "தூதரகத்தில் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைத்தால் நடக்காது. சான்றிதழைத் தபாலில் ஊருக்கு அனுப்பி, இன்னொருவரை அலையவிட்டு, திரும்ப வரவழைக்க வேண்டியிருக்கும்.

மொழிபெயர்ப்பு மட்டும் நேர்மாறு. அதைப் போகிற நாட்டில், அங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம், அப்போஸ்டில் வாங்கிய பிறகு செய்யுங்கள். முதலில் மொழிபெயர்த்துவிட்டு அப்புறம் முத்திரை வாங்கினால், முத்திரைக்கு மொழிபெயர்ப்பு இல்லை என்று திருப்பிவிடும் அலுவலகங்கள் உண்டு.

பெயர் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் படப்பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 குறிகள். கணினி படிப்பது அதைத்தான். குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் படிவத்தில் எதை எங்கே போடுவது என்று குழம்பினால், மேல் வரியில் P என்ற எழுத்துக்கும் மூன்றெழுத்து நாட்டுக் குறிக்கும் அடுத்து எது முதலில் வருகிறதோ அது குடும்பப் பெயர். இரண்டு அம்புக்குறிக்குப் பின் வருவது இடுபெயர். ஒரே பெயர் உள்ளவர்கள் முதல் படிவத்தில் எப்படி நிரப்பினார்களோ அதை ஒரு தாளில் எழுதி வைத்து, வங்கி, வாடகை, வரி என்று எல்லாவற்றிலும் அதையே பின்பற்ற வேண்டும். அலுவலகத்துக்கு ஒரு விதமாக எழுதினால் இரண்டு வருடம் கழித்து விசா நீட்டிப்பில் அது கையைக் கடிக்கும்.

தேதியிலும் கவனம் வேண்டும். 03/04 என்று எழுதினால் ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், குழப்பமே வராது.

பாஸ்போர்ட் காலாவதிக்கு 9 மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கத் தொடங்கிவிடுங்கள். இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி வசிப்பு அனுமதி தராத நாடுகளும் நிறைய. தூதரகம் வழியாகப் புதுப்பித்தால் ஊரில் ஆவதைவிட நாள் பிடிக்கும்.

போன் நம்பர்

ஊர் நம்பரை விட்டுவிட்டுப் போனவர்கள் முதலில் முட்டிக்கொள்வது ஓ.டி.பி.யில். வங்கிக் கணக்கு, வரி, காப்பீடு எல்லாமே அந்த நம்பருக்குத்தான் எண் அனுப்பும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் இணைப்பு துண்டிக்கப்பட்டு, சில மாதத்தில் அந்த நம்பர் வேறு ஒருவருக்குப் போய்விடும். அதன் பிறகு உங்கள் வங்கி ஓ.டி.பி. அவர் கைக்குப் போகும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். வெளிநாட்டில் எஸ்.எம்.எஸ். வருவதற்கான ரோமிங்கைப் போட்டு, எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போடக்கூடிய, எந்த நிறுவனத்துக்கும் பூட்டப்படாத போன்தானா என்று பாருங்கள். வங்கியும் மின்னஞ்சலும் அனுமதித்தால், ஓ.டி.பி.யை எஸ்.எம்.எஸ்.ஸிலிருந்து அங்கீகாரச் செயலிக்கு மாற்றுங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணை அது போனிலேயே கணக்கிட்டுக் காட்டும். சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆனால் போனின் கடிகாரம் தானியங்கி நேரத்தில் இருக்க வேண்டும். நேரம் பிசகினால் சரியான எண்ணையும் "தவறு" என்று சொல்லிவிடும். செயலியை நிறுவும்போது தரும் மாற்று எண்களைக் காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போன் தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும்.

வீடும், அதற்கு முன்னால் முகவரியும்

வங்கிக் கணக்குக்கு முகவரி கேட்பார்கள். வீட்டு ஒப்பந்தத்துக்கு வங்கிக் கணக்கு கேட்பார்கள். இந்த வட்டத்தை உடைக்கும் இடம் முதல் மாதத் தற்காலிகத் தங்குமிடம். அதைப் பேசும்போதே, "இந்த முகவரியில் நான் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்துகொள்ளலாமா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பதிவுக்கு ஒத்துக்கொள்ளும் இடமே மேல். முகவரி பதிவான பிறகுதான் வங்கி, நிரந்தர சிம், மருத்துவ அட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நகரும்.

நேரில் பார்க்காத வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். "வெளியூரில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பது உலகம் முழுக்க ஒரே மாதிரி ஓடும் மோசடி. நேரில் போக வழியில்லை என்றால், அங்கே இருக்கும் ஒருவரை அனுப்பி உள்ளே நின்றபடி வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள்.

சாவி வாங்கிய அன்றே, பெட்டியைப் பிரிக்கும் முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். சுவர்க் கீறல், தரைக் கறை, குழாய்க் கசிவு, மின்சாரம், தண்ணீர், எரிவாயு மீட்டர்களின் எண்கள். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் போனிலேயே கிடந்தால் எப்போது எடுத்தது என்று வாதம் வரும், அனுப்பிவிட்டால் தேதிக்குச் சாட்சி வந்துவிடும். அட்வான்ஸ் திரும்ப வருமா என்பது பெரும்பாலும் அந்த ஒரு மின்னஞ்சலில்தான் இருக்கிறது.

வெப்பமான இடத்திலிருந்து குளிரான இடத்துக்குப் போகிறவர்களுக்குப் பூஞ்சை புதுப் பிரச்சினை. குளிருக்குப் பயந்து ஜன்னலை மாதக்கணக்கில் மூடியே வைத்தால், குளியலும் சமையலும் மூச்சும் விடும் ஈரம் குளிர்ந்த சுவரில் படியும். அலமாரிக்குப் பின்னால் கருப்பு படர்வதை நீங்கள் பார்ப்பதற்குள் அது வேரோடியிருக்கும். ஒரு சலவைச் சுமைத் துணியை வீட்டுக்குள் காயப்போட்டாலே சுமார் 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். ஜன்னலை நாள் முழுக்க ஒருக்களித்து வைப்பதால் சுவர்தான் குளிரும். அதற்குப் பதில் தினம் இரண்டு மூன்று தடவை, 5 முதல் 10 நிமிடம், எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து விடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய மரச்சாமான்களை 5 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். சின்ன ஈரப்பத மானி ஒன்றை வாங்கி அளவை 40 முதல் 60 சதவீதத்துக்குள் பிடித்து வையுங்கள்.

ஊரிலிருந்து எந்த மின்சாதனத்தைத் தூக்கிக்கொண்டு போவது? அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் "இன்புட்" என்ற இடத்தில் 100–240 வோல்ட் என்று இருந்தால் எங்கும் வேலை செய்யும். லேப்டாப், செல்போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான். 220–240 என்று மட்டும் இருக்கும் இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர், அரவை இயந்திரம் எல்லாம் 110 வோல்ட் நாட்டில் சும்மா கிடக்கும். மறுபக்கமாக 110 வோல்ட் சாதனத்தை 230-ல் செருகினால் புகைந்துவிடும். பிளக் அடாப்டர் ஓட்டையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

பணம்

கார்டு மெஷினோ ஏ.டி.எம்.மோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரரின் கார்டு நிறுவனம், அதில் அவர்களுக்குக் கழிவு சேர்ந்திருக்கும். எப்போதும் நீங்கள் இருக்கும் நாட்டுப் பணத்திலேயே கொடுங்கள்.

ஊருக்குப் பணம் அனுப்பும்போது, "கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செலவு மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும்: வெளிப்படையான கட்டணம், சந்தை விகிதத்துக்கும் அவர்கள் தரும் விகிதத்துக்கும் உள்ள வித்தியாசம், வழியில் இருக்கும் வங்கிகள் பிடிக்கும் தொகை. சந்தையில் 80 ஓடும்போது 78 கொடுத்தால் 2.5 சதவீதம் அங்கேயே போய்விட்டது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சேவைகளிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "நான் 1000 கொடுத்தால் அந்தப் பக்கம் கணக்கில் எவ்வளவு ஏறும்?" அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும். வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்து. ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் இருக்கும் நாடுகளில் அது அதிகபட்சம் 34 எழுத்து, அதில் நாட்டுக் குறிக்கு அடுத்த இரண்டு இலக்கம் பிழை பிடிப்பதற்கானது. ஆகவே ஐபேனில் தவறினால் பெரும்பாலும் படிவமே நிறுத்திவிடும். பெயரில் தவறினால் அப்படி நிற்கும் என்று நம்ப முடியாது.

ஒவ்வொரு விலையையும் ஊர்ப் பணத்தில் மாற்றிப் பார்க்கும் பழக்கம் முதல் மாதத்தில் யாரையும் விடாது. சம்பளம் அந்த நாட்டுப் பணத்தில் வரத் தொடங்கியதும் அதை நிறுத்திவிடுங்கள். கையில் வரும் மாதச் சம்பளத்தை 160-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேர வருமானம் வரும். ஒரு பொருளுக்கு எத்தனை நிமிட வேலை என்று கணக்குப் போடுங்கள். ஊர்க் கணக்கில் பார்த்தால் தேவையான செருப்பையும் வாங்காமல் இருப்பீர்கள், அல்லது விலையே உறைக்காமல் அள்ளிக் குவிப்பீர்கள்.

தொடாத பணம் என்று ஒன்று வேண்டும்: வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒருவழி டிக்கெட், அதோடு மூன்று மாத வாடகையும் செலவும். அதைச் சேர்க்கும் வரை மற்ற சேமிப்பெல்லாம் இரண்டாம்பட்சம்.

வரிக்கு, எல்லையைக் கடந்த நாட்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆண்டில் 183 நாள் என்பது பல நாடுகளின் சட்டங்களிலும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களிலும் வரும் எண். இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் சேருமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐந்து வருடம் கழித்து விமான டிக்கெட்டுகளைத் தேடி உட்காருவது பெரும்பாடு.

தபாலில் வரும் உறை

வெளிநாட்டு வாழ்க்கையின் பெரிய பயம் எங்கே இருக்கிறது என்றால், தபால் பெட்டியில் கிடக்கும் ஜன்னல் வைத்த உறையில்தான். புரியாத மொழியில், மேலே ஒரு அரசு முத்திரை. தொய்வு மாதங்களில் அதைப் பிரிக்காமலே மேஜை ஓரம் வைப்பார்கள், நாலைந்து சேர்ந்துவிடும். அதற்குள் கெடு தாண்டி அபராதம் ஏறியிருக்கும்.

உறையை வந்த அன்றே, நின்ற இடத்திலேயே பிரியுங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம். நான்கு விஷயம் போதும்: யார் அனுப்பியது, கடிதத்தின் தேதி, மேலே வலப்பக்கமோ இடப்பக்கமோ இருக்கும் கோப்பு எண், தடித்த எழுத்தில் இருக்கும் தொகை அல்லது கெடு. நான்கையும் பேனாவால் வட்டமிட்டு, வந்த தேதியை உறையின் மேல் எழுதி, உறையையும் சேர்த்தே வையுங்கள். கெடு கடிதத் தேதியிலிருந்தா, கைக்குக் கிடைத்த நாளிலிருந்தா என்ற கேள்வி வந்தால் உறையிலிருக்கும் அஞ்சல் முத்திரை உதவும். பிறகு போனில் படம் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு "இல்லை", "தவிர" போன்ற சொற்களை விட்டுவிடக்கூடும். ஆகவே பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்டதாக இருந்தால் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கெடுவுக்குள் முடியாது என்று தெரிந்தால், கெடு முடியும் முன்பே கோப்பு எண்ணைப் போட்டு இரண்டு வரியில் அவகாசம் கேளுங்கள். முன்னால் கேட்டால் கொடுக்கும் அலுவலகங்கள், ஒரு நாள் தாண்டிக் கேட்டால் கொடுப்பதில்லை.

மருந்தும் மருத்துவரும்

மருந்தின் பிராண்டு பெயரை அங்கே யாருக்கும் தெரியாது. மூலப்பெயரையும் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் வெளியிட்டுவரும் பொதுப் பெயர்கள் பெரும்பாலான நாடுகளில் செல்லும். விலக்குகளும் உண்டு. பாராசிட்டமால் சில நாடுகளில் அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். இரண்டும் வேறு என்று நினைத்துக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் சளிக்கு அசிட்டமினோஃபென் கலந்த மாத்திரையும் சேர்த்து விழுங்கினால் அளவு கூடிக் கல்லீரலைக் கெடுக்கும்.

ரத்தப் பரிசோதனை எண்களும் மாறும். சர்க்கரை 126 மில்லிகிராம் என்று பழகியவருக்கு அங்கே 7 மில்லிமோல் என்று வரும், இரண்டும் ஒன்றே. மில்லிகிராமை 18-ஆல் வகுத்தால் மில்லிமோல் கிடைக்கும். கொலஸ்ட்ராலுக்கு வகுக்க வேண்டியது 38.67. மூன்று மாதச் சராசரியான ஹெச்.பி.ஏ.1.சி. 7 சதவீதம் என்பது சில நாடுகளில் 53 என்று வரும். பயந்துவிட வேண்டாம், அலகுதான் வேறு.

இன்சுலின் போடுகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள குப்பியும் உலகில் புழக்கத்தில் இருக்கின்றன, சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு வேறு. ஊரிலிருந்து கொண்டுபோன 40-க்கான சிரிஞ்சில், அங்கே வாங்கிய 100 யூனிட் மருந்தை வழக்கமான கோடு வரை இழுத்தால், உடலில் ஏறுவது இரண்டரை மடங்கு. குப்பியும் சிரிஞ்சும் எப்போதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, சில மனநல மருந்துகள் ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும், இன்னொரு நாட்டில் தடை. டிக்கெட் எடுக்கும் முன் அந்த நாட்டின் தூதரகத் தளத்தில் பாருங்கள். அனுமதி உண்டென்றால் அசல் அட்டையிலேயே, மருத்துவர் கடிதத்தோடு, கைப்பையில் கொண்டுபோங்கள். பல் மருத்துவத்தைக் காப்பீடு மூடாத நாடுகள் பல. சொத்தைப் பல்லை ஊரிலேயே அடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

உள்ளூர் அவசர எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். அது மறந்த நேரத்தில் செல்போனில் 112 அழுத்தினால் பெரும்பாலான நாடுகளில் அவசர உதவிக்கு இணைப்பு போகும். வீட்டு முகவரியை அந்த நாட்டு எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே நாவில் வராது.

தொய்வு வரும்போது

2018-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் நட்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டார். அறிமுகமான ஒருவர் பழக்கமானவராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரோடு இருந்தால் 50-ஐத் தொட 25 வாரம். ஆறாவது மாதத்தில் "இங்கே எனக்கென்று யாருமே இல்லை" என்று தோன்றுவதற்குப் பெரிய காரணம் இந்தக் கணக்குதான். உங்களிடமோ அந்த ஊர்க்காரரிடமோ குறையில்லை, மணி நேரம் இன்னும் சேரவில்லை.

ஆகவே வாரம் ஒரு புது இடம், புது முகம் என்று அலைய வேண்டாம். அதே நாள், அதே நேரம், அதே மனிதர்கள் கூடும் ஒன்றில் சேருங்கள்: மொழி வகுப்பு, பாட்டுக்குழு, விளையாட்டு, தன்னார்வப் பணி எதுவானாலும் சரி. முதல் ஆறு வாரத்திலேயே சேர்ந்து, மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். மனம் சோர்ந்த நாளில், கட்டிய பணம் உங்களை வீட்டை விட்டு வெளியே கிளப்பும். சொந்த நாட்டுக்காரர்களோடு மட்டுமே புழங்குவது ஆறுதல்தான், ஆனால் அந்த வட்டத்தில் ஒரு மனஸ்தாபம் வந்தால் மொத்த உலகமும் மூடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்.

புது மொழியில் நாள் முழுக்கப் பேசினால் மாலையில் தலை கனக்கும். அலுவலக வேலைகளைக் காலையில் வையுங்கள். நேரில் பேசுவதைவிடப் போனில் பேசுவது கடினம், உதட்டசைவும் கைச்சாடையும் தெரியாது. போன் செய்யும் முன் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண்களை ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள். புரியாமல் "சரி சரி" என்று சொல்லிவிட்டு வைக்கும் அழைப்புதான் பிறகு பெரிய வேலை வைக்கும்.

கால மண்டலம் மாறினால் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில் உடல் சரியாகும், கிழக்கு நோக்கிப் போனால் கூடுதல் கஷ்டம். பகல் குறுகிய குளிர்காலம் உள்ள நாடுகளில் சோர்வு இருட்டாலேயே வருவதுண்டு. காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் 20 முதல் 30 நிமிடம் உட்காருவது பலருக்கு உதவுகிறது. கண் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாதாரணத் தொய்வு வரும், போகும். இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே கிடந்தால், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் தூக்கமும் பசியும் மாறிப்போனால், அது ஊர் ஏக்கம் மட்டுமல்ல. மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது, அன்றே யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள், அவசர உதவியை அழையுங்கள்.

"வேலையை விடுகிறேன், ஊருக்கே போகிறேன்" என்ற முடிவையும் "இங்கேயே வீடு வாங்கிவிடுகிறேன்" என்ற முடிவையும் உச்சத்திலோ பள்ளத்திலோ எடுக்காதீர்கள். ஒரு தேதி குறியுங்கள், இன்றிலிருந்து 90 நாள். அதுவரை மாதம் ஒருமுறை தூக்கம், வேலை, நட்பு, பணம், வீட்டாரின் மகிழ்ச்சி ஐந்துக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு எழுதுங்கள். மூன்று வரிசை எண்கள் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கூட வந்தவர்கள்

வேலைக்குப் போகிறவருக்கு மேஜை, சக ஊழியர், பொழுது எல்லாம் தயாராக இருக்கும். துணைக்கு வந்தவருக்கு நான்கு சுவர்தான். அவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, கார்டு, போன் நம்பர், வீட்டு ஒப்பந்தத்தில் பெயர் வேண்டும். சார்பு விசாவில் வேலை செய்யலாமா என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் பெரிய சண்டைகள் இங்கிருந்துதான் முளைக்கின்றன.

பள்ளியில் சேர்ந்த குழந்தை சில வாரமோ சில மாதமோ வாயே திறக்காமல் இருக்கலாம். கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று பொருள். பயந்துபோய் வீட்டு மொழியை மாற்றாதீர்கள். கனடாவின் கல்வியாளர் ஜிம் கமின்ஸ் ஆய்வின்படி, பேச்சு மொழி சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடம் படிக்கும் அளவு மொழிக்கு 5 முதல் 7 ஆண்டு ஆகும். சரளமாகப் பேசும் பிள்ளை கணக்கில் தடுமாறினால், கேள்வி புரியவில்லையா என்று முதலில் பாருங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட் உங்களிடம்தான் இருக்க வேண்டும். அடையாள ஆவணத்தை முதலாளி பிடித்துவைப்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஊரில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதி கையில் இருக்கட்டும், அங்கே போனதும் வேறு தாளில் கையெழுத்துக் கேட்டால் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். காவலில் வைக்கப்பட்டால் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, 1963-ம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் அதைச் சொல்கிறது. நீங்கள் கேட்டால்தான் தெரிவிப்பார்கள், ஆகவே கேளுங்கள்.

ஊரிலிருந்து வரும் நள்ளிரவு அழைப்பு

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் மனதுக்குள் அஞ்சுவது இதைத்தான். அது வருவதைத் தடுக்க முடியாது. வந்த பிறகு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தை மிச்சப்படுத்த முடியும்.

ஊரில் பெற்றோர் வீட்டில் ஒரே தாளில் எழுதி வையுங்கள்: சாப்பிடும் மருந்துகள், மருத்துவர், அருகிலிருக்கும் மருத்துவமனை, காப்பீட்டு எண், மாற்றுச் சாவி யாரிடம், அரை மணி நேரத்தில் ஓடிவரக்கூடிய இரண்டு பேர். அந்த இரண்டு பேரிடமும் முன்கூட்டியே பேசிச் சம்மதம் வாங்குங்கள். வங்கி, சொத்து விஷயங்களுக்கு வேண்டிய அதிகாரப் பத்திரத்தைக் கிளம்பும் முன்பே பதிவு செய்யுங்கள். தூதரகம் வழியாகச் செய்யலாம், ஆனால் அவசரத்தில் அது வாரக் கணக்கில் இழுக்கும்.

உங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியது, உடனே கிளம்பினால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பது. விசா நீட்டிப்பு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் ரத்தாகும் நாடுகள் உண்டு. மறுநுழைவு அனுமதி தனியாக வாங்க வேண்டிய நாடுகளும் உண்டு. நீட்டிப்புக்கு மனு போடும் அன்றே, "அவசரமாக ஊருக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது?" என்று கேட்டு, பதிலைக் குறித்து வையுங்கள். வழியில் விமானம் மாறும் நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்பதையும் அமைதியான ஒரு நாளில் பார்த்துவிடுங்கள். டிக்கெட்டுக்கான தொகை கார்டின் வரம்புக்குள் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

போக முடியாத நிலையும் வரும். அப்போது ஊரில் ஒருவரை போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். இங்கே வேலையிடத்தில் அன்றே விடுப்புச் சொல்லுங்கள். ஊரே கூடியிருக்கும்போது நீங்கள் மட்டும் தனியறையில் உட்கார்ந்திருக்க வேண்டாம், தெரிந்தவர் ஒருவரையாவது வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மற்ற நாட்களின் அழைப்புகளுக்கு நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் என்பதைவிட, வாரம் மூன்று தடவை பதினைந்து நிமிடம் நல்லது. முதியவர்கள் அதை எதிர்பார்த்துப் பொழுதைக் கழிப்பார்கள். கோடையில் கடிகாரத்தைத் திருப்பும் நாடாக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை வித்தியாசம் ஒரு மணி நேரம் மாறும். அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரமும் "என்னவோ ஆகிவிட்டது" என்று தவித்துப்போவார்கள்.

திரும்பிப் போகும்போது

ஆய்வாளர்களான ஜான், ஜீன் கல்லஹார்ன் இணையர் 1963-ல் எழுதினார்கள்: ஊர் திரும்பியவர்களுக்கும் அதே இறக்கம் இன்னொரு முறை வருகிறது. திரும்பிய முதல் ஆண்டிலும், முன்பு சொன்ன ஐந்து மதிப்பெண் நோட்டைத் தொடருங்கள்.

நாட்டை விட்டுக் கிளம்பும் முன் முகவரிப் பதிவை ரத்து செய்து, அதற்கான தாளை வாங்குங்கள். ரத்து செய்யாமல் போனால் வரியும் கட்டணமும் உங்கள் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கலாம். மீட்டர் எண்களை மறுபடி படம் எடுத்து, வீட்டுக்காரரோடு நின்று ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். அட்வான்ஸும் வரித் திரும்பும் தொகையும் கடைசிச் சம்பளமும் வந்துசேரப் பல மாதம் ஆகும், அவை வரும் வரை அந்தக் கணக்கும் அதன் ஓ.டி.பி. வரும் நம்பரும் உயிரோடு இருக்கட்டும். சம்பளச் சீட்டுகளையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் ஓய்வூதிய வயது வரை பத்திரப்படுத்துங்கள். அங்கே வேலை செய்த ஆண்டுகளை ஓய்வூதியத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் இருந்தால், முப்பது வருடம் கழித்து அந்தச் சீட்டுகளைத்தான் கேட்பார்கள்.